கும்பிடும் சிலையைக் கும்பிடலாமா?

சின்ன வயதில் அப்பத்தாவோடு ராமேஸ்வரம் போனால் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரச்சேலை மாற்றி, சாமி பார்த்துவிட்டு வெளியே வரும் வழியில் ஒரு தூண் பக்கம் ஒதுங்குவார். அந்தத் தூணில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலை. இடுப்பில் குறுவாள், காதில் கனத்த குண்டலம், நெஞ்சுக்கு நேரே கூப்பிய கை. யாரோ வைத்துவிட்டுப் போன குங்குமம் கால் விரல்களில் அப்பியிருக்கும். அப்பத்தா குனிந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்க ஆரம்பித்த திமிரில் ஒருமுறை சொன்னேன். "அப்பத்தா, அது சாமி இல்ல. கோயில் கட்டுன ராஜா."

"ராஜாவா? அவருந்தான கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே சாமியத்தானடா கும்புடுறோம், இருக்கட்டும்."

அந்தப் பதிலுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. கோயில் சிலையோ, மாதா கோயில் சுரூபமோ, சுவர் ஓவியமோ, எதைப் பார்த்தாலும் நாம் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறோம். முகம் அவ்வளவாக உதவாது. பெரும்பாலான திருமேனிகளில் எல்லா முகமும் ஒரே சாந்தம்தான். கையைப் பார்த்தால் கதை வெளியே வந்துவிடும். அதிலும் கூப்பிய கை ஒன்று இருக்கிறதே, இவர் யார், யாரைப் பார்த்து நிற்கிறார், அந்த 'யார்' எந்தப் பக்கம் இருக்கிறார் என்று மூன்றையும் ஒருசேரச் சொல்லிவிடும். சிற்பம் பார்க்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழில் 'கூம்புதல்' என்றால் பூ இதழ் மூடுவது. சாயங்காலம் தாமரை கூம்பும். பூ தானாக மூடினால் கூம்பும், நாமாகக் கையை மூடினால் கூப்புவோம். அதனால்தான் கைகூப்பு. பக்திப் பாடல்களில் கைத்தாமரை, கரமலர், கை குவிந்தது என்று திரும்பத் திரும்ப வருவது வெறும் அலங்காரம் இல்லை, சொல்லுக்குள்ளேயே பூ இருக்கிறது. சிற்ப நூலும் நாட்டிய நூலும் இதையே அஞ்சலி என்கின்றன. இரண்டு கையும் சேர்ந்து காட்டும் முத்திரைகளின் வரிசையில் அஞ்சலிதான் முதலில் வரும். அஞ்சலி என்ற சொல்லுக்குக் குவித்த உள்ளங்கை என்றும் பொருள். நீரோ பூவோ அள்ளினால் கை எப்படி இருக்கும், அப்படி. புஷ்பாஞ்சலி என்கிறோமே, அந்த அஞ்சலி.

இதைக் கல்லில் பார்க்கலாம். நல்ல சிற்பி செதுக்கிய கூப்பிய கை, இரண்டு பலகையை ஒட்டியதுபோல் தட்டையாக இருக்காது. விரல் நுனிகள் தொடும், மணிக்கட்டுகள் தொடும், நடுவில் உள்ளங்கைகள் லேசாக விலகி ஒரு பொந்து இருக்கும், மொட்டுக்குள் இருக்கும் இடம்போல. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் அது தெரியும். சுதையில் அவசரமாகச் செய்து பெயிண்ட் அடித்த கைகளில் அந்தப் பொந்து இருக்காது. பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி விரல்களே ஒரே கட்டியாகிவிட்ட சிலைகளும் உண்டு. அவற்றைப் பார்த்தால் கையுறை போட்டுக்கொண்டு கும்பிடுவதுபோல இருக்கும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய கோயிலில் உடைந்த சிலைகளை எண்ணிப் பாருங்கள். நீட்டிய கை முதலில் போயிருக்கும். நெஞ்சோடு ஒட்டிக் கூப்பிய கை தப்பித்திருக்கும். பக்தர்களுக்குக் கை பத்திரம், சாமிகளுக்குத்தான் ஆபத்து.

கொடுக்கிற கையும் கேட்கிற கையும்

சாமி கை எப்படி இருக்கும்? வலது உள்ளங்கை நம்மைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் அபயம், 'பயப்படாதே'. உள்ளங்கை நம்மைப் பார்த்துக் கீழே சாய்ந்திருந்தால் வரதம், 'வாங்கிக்கொள்'. இரண்டிலும் உள்ளங்கை திறந்திருக்கும், வெளியே பார்க்கும். கும்பிடுகிறவரின் உள்ளங்கை மூடியிருக்கும், ஒன்றையொன்று பார்க்கும். கொடுக்கிற கை திறந்தது, கேட்கிற கை மூடியது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தைச் சுற்றி வந்தாலே பாதிச் சிலைகளை இன்னார் என்று சொல்லிவிடலாம்.

பெருமாள் கோயிலில் சன்னதிக்கு எதிரே கைகூப்பி நிற்கிறவர் கருடன். ராமர் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறவர் ஆஞ்சநேயர். நடராஜர் காலடியில் இரண்டு பக்கமும் கைகூப்பி இருவர் நின்றால், இடுப்புக்குக் கீழே பாம்பாக இருப்பவர் பதஞ்சலி, கால் புலிக்காலாக இருப்பவர் வியாக்கிரபாதர்.

சிவன் கோயிலில் ஒருவர் நம்மை நன்றாக ஏமாற்றுவார். சடைமுடி, நெற்றிக்கண், நான்கு கை, பின்கைகளில் மழுவும் மானும். சிவன்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். முன்கைகளைப் பாருங்கள். கூப்பியிருந்தால் அவர் சிவன் இல்லை, அதிகார நந்தி. எசமானரையே பார்த்துக்கொண்டு இருந்து இருந்து எசமானர் ஜாடையே வந்துவிட்டது, கை மட்டும் தொழும்பனின் கையாகவே நின்றுவிட்டது. நானே அவரைச் சந்திரசேகரர் என்று நினைத்துப் பல வருஷம் கும்பிட்டிருக்கிறேன். ஒரு குருக்கள் சிரித்துக்கொண்டே கையைச் சுட்டிக் காட்டியபிறகுதான் தெரிந்தது.

சரி, சாமி கும்பிடவே கும்பிடாதா? கும்பிடும், கதைக்குள். அதற்கு ராமநாதபுரம் கடற்கரையைப் போல வேறு ஊர் கிடையாது. ராமேஸ்வரத்தின் தலபுராணமே அதுதான். சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கு முன்னால் ராமர் பூசை செய்கிறார். ஊரெல்லாம் கும்பிடும் ராமர் இங்கே கும்பிடுகிறவர். ரதவீதிக் கடைகளில் தொங்கும் படங்களில் லிங்கம் நடுவில், ராமர் ஓரத்தில். வேறு ஊர் ராமர் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடு இடம் கைமாறியிருப்பது சட்டென்று தெரியும்.

திருப்புல்லாணியில் இன்னும் ஒருபடி மேலே. அங்கே ராமர் படுத்திருக்கிறார். சயனக் கோலம் என்றதும் நமக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வரும். ஆனால் இது அந்தப் படுக்கை இல்லை. இலங்கைக்குப் போக வழிவிடச் சொல்லி, தர்ப்பைப் புல்லைப் பரப்பி, கடலரசனை நோக்கி மூன்று நாள் படுத்துக் கிடந்தார் என்பது கதை. வால்மீகி அந்த இடத்தில் ராமர் கிழக்கு முகமாக அஞ்சலி செய்துவிட்டுப் படுத்ததாகவே சொல்கிறார். பாம்பணையில் படுத்தவர் உலகத்தைக் காப்பவர், புல்லணையில் படுத்தவர் கடலிடம் வழி கேட்பவர். இங்கே உடம்பு முழுவதுமே ஒரு கூப்பிய கை. நம் பக்கத்தில் வழக்கு முடியாதவர்கள் 'சாமி வாசல்லயே போய்ப் படுத்துக்கிட்டேன்' என்பார்களே, அதே காரியம்தான். மூன்று நாளும் கடல் மசியவில்லை, ராமர் வில்லை எடுத்தார் என்பது அடுத்த காட்சி.

கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு. நாட்டிய இலக்கணம் இதைப் படிக்கட்டாகவே வைத்திருக்கிறது. தலைக்கு மேலே கூப்பினால் தெய்வத்துக்கு, முகத்துக்கு நேரே கூப்பினால் குருவுக்கு, நெஞ்சுக்கு நேரே கூப்பினால் பெரியோருக்கு. உத்தரகோசமங்கை அரசே என்று கூவிய மாணிக்கவாசகர், சிவபுராணத்தில் 'கரங்குவிவார்' என்று ஒரு வரியும் 'சிரங்குவிவார்' என்று அடுத்த வரியும் வைத்தார். அந்த ஊர் மரகத நடராஜரின் சந்தனக்காப்பு வருஷத்தில் ஒருமுறை, மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் களையப்படும். அந்தக் கூட்டத்தில் நெரிபட்டு நிற்கும்போது கவனித்திருக்கிறேன். திரை விலகும்வரை கைகள் நெஞ்சில் இருக்கும். விலகியதும் அத்தனை கையும் தலைக்கு மேல் போய்விடும். யாரும் இலக்கணம் படித்துவிட்டு வரவில்லை.

ஆனால் சிலைகளில் தலைக்கு மேல் கூப்பிய கை குறைவு, நெஞ்சில் கூப்பியதே அதிகம். கல்லில் தலைக்கு மேல் கை தூக்குவது சிற்பிக்குச் சிரமம், உடையவும் உடையும். இலக்கணத்துக்கும் கல்லுக்கும் சண்டை வந்தால் கல்தான் ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. அதனால் உயரத்தை மட்டும் நம்பி 'இவர் பெரியோரைத்தான் வணங்குகிறார்' என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

கூப்பாமலே கும்பிடுகிற கைகளும் இருக்கின்றன. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ராமரோடு நிற்கும் ஆஞ்சநேயர் சில இடங்களில் லேசாகக் குனிந்து, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். தன் எச்சில் காற்று எசமானர் மேல் படக்கூடாது என்கிற பணிவு. 'கைகட்டி வாய்பொத்தி' என்று நாம் சொல்கிற அதே நிலை. சுவாமிமலைக் கதையில் மகனிடம் பிரணவப் பொருள் கேட்கும் சிவனை இப்படித்தான் வரைவார்கள். அப்பனே வாய்பொத்தி நிற்பார். பாவை விளக்கும் இந்த வகைதான். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் கும்பிடத்தான் சேர்ந்தன, நடுவில் அகல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜா ஏன் அங்கே நிற்கிறார்?

இப்போது அப்பத்தாவின் ராஜாவுக்கு வருவோம். ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் எழுப்பியது. 1212 தூண்கள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. திருப்பணி செய்த மன்னர்களுக்கும் அவர்களுக்குத் துணைநின்றவர்களுக்கும் கோயிலுக்குள் உருவம் வைப்பது அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் இருந்த வழக்கம். மதுரை புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர், திருமலையில் இரண்டு தேவியரோடு கிருஷ்ணதேவராயர், எல்லோருக்கும் கை கூப்பியே இருக்கும். அதற்கும் முன்னே, சோழர் காலத்தில், கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோலக் கல்லில் வைத்தார்.

சாலையில் நிற்கும் தலைவர் சிலை நம்மைப் பார்த்து விரல் நீட்டுகிறது, கையசைக்கிறது. கோயிலில் நிற்கும் ராஜா நம்மைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவர் இல்லை. சாமி இருக்கும் திசைக்குக் கைகூப்புவதே அவர் வேலை. ராஜாவால் தினமும் ஆறு காலப் பூசைக்கும் வர முடியாது. செத்தபிறகு சுத்தமாக முடியாது. சிலை வரும், போகாது. அவருக்குப் பதிலாக ஒரு கும்பிடு அங்கே நின்றுகொண்டே இருக்கும்.

இந்த யோசனை நமக்கு மட்டும் வந்ததில்லை. ஈராக்கில் தெல் அஸ்மர் என்ற இடத்தில் 1930களில் அகழ்ந்தபோது, ஒரு பழைய கோயிலின் தரைக்கு அடியில் 12 சிலைகள் சேர்த்துப் புதைக்கப்பட்டுக் கிடைத்தன. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை. பெரிதாக விழித்த கண், நெஞ்சுக்கு முன் கோத்த கை. பக்தர்கள் தங்களுக்குப் பதிலாகக் கோயிலில் நிறுத்திவிட்டுப் போன உருவங்கள் அவை என்கிறார்கள். அந்தக் கண்களைப் படத்தில் பார்த்தாலே நமக்குத் தூக்கம் போய்விடும். இமைக்காமல் வேண்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

கூப்பிய கை சாமி எங்கே என்று காட்டும் என்றேன் அல்லவா, அதற்கு மிகச் சுத்தமான சாட்சி பார்ஹுத், சாஞ்சி பௌத்தச் சிற்பங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முந்தையவை அவற்றில் உண்டு. அப்போது புத்தரை மனித உருவில் செதுக்கும் வழக்கம் வரவில்லை. ஒரு காலி ஆசனம், ஒரு அரசமரம் அல்லது இரண்டு பாதச்சுவடு. அவ்வளவுதான் இருக்கும். சுற்றிலும் கைகூப்பிய கூட்டம். ஆள் இல்லாத நாற்காலியைக் கும்பிட மாட்டார்கள் என்பது யாருக்கும் தெரியும். அத்தனை கையும் ஒரே இடத்தை நோக்கிக் குவிவதால், அங்கே இருக்கிறார் என்று நமக்குப் புரிகிறது. வரையாத புத்தரைக் கைகளே வரைந்துவிடுகின்றன.

ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசம் போனால் இந்தக் கணக்கில் ஒரு முடிச்சு விழும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவரெல்லாம் தீட்டிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஒன்றில் ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். அங்கே ராஜா வாங்குகிறவர், கை பணிந்தது. அதே ராஜா கொலுவில் உட்கார்ந்தால் அவர் முன்னால் மற்றவர்கள் பணிந்து நிற்பார்கள். ஒரு சுவரில் கேட்கும் கை அடுத்த சுவரில் கொடுக்கும் கை ஆகிறது. கூப்பிய கை சாமிக்கென்றே பிறந்ததா, ராஜாவுக்கென்று பிறந்து சாமிக்குப் போனதா என்று அந்த மண்டபத்தில் நிற்கும்போது கேட்கத் தோன்றும்.

கெபியும் பள்ளிவாசலும்

அந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு பதில் உண்டு. நம் கடற்கரை மாதா கோயில்களில் கைகூப்பிய சுரூபங்களைப் பார்த்துப் பார்த்து, கிறிஸ்தவர்கள் என்றைக்கும் இப்படித்தான் வேண்டினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆதிக் கிறிஸ்தவர்கள் கைகூப்பவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து மேலே தூக்கி, உள்ளங்கையைத் திறந்து வேண்டினார்கள். ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையின் சுவரில், 3ஆம் நூற்றாண்டில் வரைந்த ஒரு பெண் அப்படித்தான் நிற்கிறாள். அந்தப் பழைய கை முழுக்க அழியவில்லை. திருப்பலியில் சாமியார் பீடத்தில் நின்று கையை விரித்து மன்றாடுவதைக் கவனித்தால் அந்தப் பெண்ணின் கை தெரியும். வேண்டுதலுக்கு முழந்தாளிட்டுக் கை விரித்து நிற்கும் ஆட்களிடமும் அதைப் பார்க்கலாம்.

பிறகு கூப்பிய கை எங்கிருந்து வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் ஒருவன் ஒரு பிரபுவுக்கு ஆளாக ஒப்புக்கொடுக்கும்போது, முழந்தாளிட்டு, இரு கையையும் சேர்த்துப் பிரபுவின் கைகளுக்குள் வைப்பான். 'இனி நான் உன் ஆள்' என்று அர்த்தம். அந்த வழக்கமே ஜெபத்துக்கும் வந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லும் காரணம். ஏறக்குறைய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கூப்பிய கை பரவலாகிறது, ஓவியத்திலும் சிற்பத்திலும் அதுவே நிலைக்கிறது. ராஜாவுக்கு முன் நீட்டிய கை ஆண்டவருக்கு முன் போனது. நாம்கூட ஆண்டவர் என்றுதானே சொல்கிறோம், ஆண்டவர் என்றால் ஆண்டவர்தான்.

உலகத்திலேயே பேர்பெற்ற கூப்பிய கை ஒரு ஜெர்மன் ஓவியர் வரைந்தது. ஆல்பிரெக்ட் டியூரர், 1508, நீலக் காகிதத்தில் தூரிகையால் தீட்டியது. இப்போது வியன்னாவில் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு கை, கொஞ்சம் சட்டைக் கை மடிப்பு, வேறொன்றும் இல்லை. ஒரு பீடப் படத்தில் வரும் சீடர் ஒருவருக்காகப் பழகிப் பார்த்த முன்வரைவு அது. அந்தப் பெரிய படம் 1729ல் தீயில் போய்விட்டது, கை மிஞ்சியது. அதை உற்றுப் பார்த்தால் நரம்பு புடைத்திருக்கும், விரல்கள் கச்சிதமாக ஒட்டாமல் லேசாக விலகி, நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மொட்டுக்குள் இருக்கும் அதே இடம். நம் சிற்பியும் அவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை.

கடற்கரைக் கிராமங்களில் மாதா கோயிலை ஒட்டி, குகைபோலக் கட்டிய ஒரு கெபி இருக்கும். அதில் பெரும்பாலும் லூர்து மாதா. வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, கையில் செபமாலை, கை கூப்பியிருக்கும், முகம் லேசாக மேலே. கீழே முழந்தாளிட்டபடி பெர்னதெத் என்ற சிறுமி, அவளும் கைகூப்பி. பெர்னதெத் மாதாவைப் பார்த்துக் கும்பிடுகிறாள், மாதா இன்னும் மேலே பார்த்துக் கும்பிடுகிறாள். நம் கணக்கின்படி மாதாவும் கேட்கிறவளே. கத்தோலிக்கரின் நம்பிக்கையும் அதுதான், மாதா நமக்காகப் பரிந்து பேசுகிறவள். அதே மாதாவின் வேறொரு சுரூபத்தில் இரண்டு கையும் கீழே விரிந்து, உள்ளங்கையிலிருந்து கதிர்கள் இறங்கும். அது வரம் இறங்கும் கை. சிவன் கோயில் வரதத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓரியூரை விட்டுவிட முடியாது. போர்த்துகல் நாட்டில் 1647ல் பிறந்து, காவி கட்டிப் பண்டார சுவாமியாக மறவர் நாட்டில் அலைந்த ஜான் டி பிரிட்டோ, இங்கே அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டார். 1947ல் புனிதர் பட்டம். அவர் சாவை வரைந்த படங்களில் முழந்தாளிட்டுக் கைகூப்பி இருப்பார், பக்கத்தில் வாள் ஓங்கிய ஆள். அதில் ஒரு கூர்மை உண்டு. சேதுபதிச் சீமையில் ராஜாவுக்கு முன் கைகூப்புவதுதான் உயிர் பிழைக்கும் வழி. இவர் கை கூப்பியிருக்கிறது, வாளுக்கு முன்னால்தான் கூப்பியிருக்கிறது, ஆனால் வாள்காரனை நோக்கி இல்லை.

கீழக்கரைக்கு வந்தால் கை என்ற பேச்சே கிடையாது. பழைய ஜும்மா பள்ளிக்குள் நுழைந்தால் கல் தூண்கள், போதிகைகள், கொடி வேலை, பூ வேலை. ஒரு நிமிஷம் கோயில் மண்டபத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும். ஆள் உருவம் ஒன்றுகூட இருக்காது. பிறகு அங்கே தொழுகையை எது காட்டுகிறது? மேற்குச் சுவரில் உள்வாங்கிய மாடம், மிஹ்ராப். அதுவே திசை. விரிக்கும் தொழுகைப் பாயிலும் பெரும்பாலும் அந்த வளைவையே நெய்திருப்பார்கள். சாஞ்சிச் சிற்பத்தில் கைகள் செய்த வேலையை இங்கே ஒரு வளைவு செய்கிறது. கை, சுவரில் இல்லை, தொழுகிறவர்களிடம் இருக்கிறது. தொழுகையைத் தொடங்கும் தக்பீரில் காதுவரை உயர்ந்து, நெஞ்சுக்குக் கீழே கட்டி, கடைசியில் துஆ என்கிற வேண்டுதலுக்கு இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்துத் திறந்து, முகத்தில் தடவி இறங்கும் கை. திறந்த கை கொடுக்கிற கை என்றேன் அல்லவா? துஆவில் திறந்த கை வாங்குகிற கை. ஆக, என் கணக்கு ஊருக்கு ஊர் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை நம்மைப் பார்க்கிறதா, வானத்தைப் பார்க்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். சொல்லில் மட்டும் ஒரு ஒற்றுமை. கோயிலில் தொழுவதும் பள்ளிவாசலில் தொழுகையும் ஒரே வேர்.

தொழுத கைக்குள் என்ன?

இவ்வளவு நேரம் கூப்பிய கையை நல்ல கையாகவே பேசிவிட்டோம். வள்ளுவர் அவ்வளவு லேசாக நம்பமாட்டார். 'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்கிறார், கும்பிடுகிற கைக்குள்ளேயே பகைவன் ஆயுதத்தை ஒளித்து வைத்திருப்பானாம். மூடிய கையின் சிக்கல் அதுதான். உள்ளே அந்த மொட்டு இடம் இருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கடற்கரையில் இந்தச் சந்தேகம் ஒருமுறை வாய்விட்டே பேசப்பட்டது என்று ராமாயணம் சொல்கிறது. தனுஷ்கோடி போகும் வழியில், 1964 புயலில் ஊரே போனபோதும் நின்ற கோதண்டராமர் கோயில் இருக்கிறது. விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்த இடம் என்பது ஐதீகம். இராவணனின் தம்பி கைகூப்பிக்கொண்டு வருகிறான். சுக்ரீவன் வள்ளுவர் கட்சி, 'இவனை நம்பாதே, உளவு பார்க்க வந்தவன்' என்கிறான். ராமர் சொன்ன பதில், கைகூப்பி அடைக்கலம் என்று வந்தவன் எதிரியே ஆனாலும் கொல்லக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே ஒரு கூப்பிய கையை ஏற்றுக்கொண்டார்.

சிவன் கோயில் சிற்பிகள் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சன்னதியைச் சுற்றி வடபக்கம் வந்தால் சண்டிகேஸ்வரர் இருப்பார். கைகள் கூப்பியிருக்கும். அந்தக் கூப்பிய கைக்குள்ளே தோளில் சாய்த்தபடி ஒரு மழு. கும்பிடுகிற கையில் கோடாலி, ஒளிவு மறைவு இல்லை. சிவபூசைக்கு வைத்த பாலை எட்டி உதைத்த தகப்பன் காலையே வெட்டிய கோடாலி அது, அவர் கதையே அதுதான். அப்பரைப் பாருங்கள், அவருக்கும் கூப்பிய கை, தோளோரம் உழவாரப்படை. புல் செதுக்கிய கருவி. வேலை செய்த கருவியோடு கும்பிடலாம், மறைக்கத்தான் கூடாது என்பதுபோல நிற்கிறார்கள்.

சண்டிகேஸ்வரர் முன்னால் அப்பத்தா கும்பிட மாட்டார். கோயில் சொத்துக்கு அவர்தான் கணக்கு. வெளியே போகிறவர் எதையும் எடுத்துப் போகவில்லை என்று அவரிடம் காட்டவேண்டும். அப்பத்தா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மெல்ல ஒருதரம் தட்டி, அப்படியே விரித்து உள்ளங்கையைச் சிலை முகத்துக்கு நேரே காட்டுவார். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த திருநீற்றையும் அங்கேயே உதறிவிட்டு, "ஒண்ணும் இல்லப்பா, பாத்துக்க" என்பார்.